கேட்டதும் கேட்காமல் விட்டதும்

புதிதாகத் தாதி வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி மனநல மையத்தில் கேட்டார்கள். "நல்லபடியா குணமாகிப் போனவங்க கதையா ரெண்டு எழுதுங்க மிஸ்ஸி, பிள்ளைங்களுக்குத் தைரியமா இருக்கும்" என்றார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். நல்லபடியாக முடிந்த கதைகளில் நான் செய்தது அதிகமில்லை. மருந்து வேலை செய்தது, குடும்பம் தாங்கியது, அவர்களே எழுந்து நடந்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். நான் பிழை செய்த கதையில்தான் நான் முழுசாக இருக்கிறேன். அதனால் அதையே எழுதுகிறேன். தைரியம் வருமா என்று தெரியாது.

முப்பத்தோரு வருடம் தாதியாக, இங்கே எல்லாரும் அழைப்பது போல 'மிஸ்ஸி'யாக, இருந்தேன். முதல் பாதி மனநல வார்டில். அதன் பிறகு, பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுனில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் குழுவில். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. மருந்து எவ்வளவு, எந்தப் படிவத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வருவது வேறு. ஒரே பெண்ணிடம் நான் நான்கு மாத இடைவெளியில் இரண்டு தவறுகள் செய்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. முதல் தவறைத் திருத்துவதாக நினைத்துத்தான் இரண்டாவதைச் செய்தேன்.

அவளை இந்திராணி என்று அழைக்கிறேன். நிஜப் பெயர் அதுவல்ல. இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க மிஸ்ஸி, ஆனா பேர நான்தான் வைப்பேன்" என்று சொல்லி இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான்.

இந்திராணிக்கு அப்போது முப்பத்தாறு வயது. இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. ஏழெட்டு வருடம் வார்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்விட, அண்ணன் தியாகுதான் பார்த்துக்கொண்டார். அவர் பட்டர்வொர்த் பக்கம் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறி அக்கரைக்குப் போய் வருவார். தங்கை இரண்டு முறை தொடர்ந்து தும்மினால்கூட எனக்கு வாட்சாப்பில் குரல் செய்தி அனுப்பிவிடுவார். "மிஸ்ஸி, சாரி மிஸ்ஸி, தொந்தரவு பண்றேன்" என்றுதான் ஒவ்வொரு செய்தியும் தொடங்கும்.

நான் பார்க்கத் தொடங்கியபோது அவள் தேறி நான்கு வருடம் ஆகியிருந்தது. இரவு ஒரு மாத்திரை. வேலை, லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் தெருவில் ஒரு புடவைக் கடையில். கடையின் பின்பக்கம் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைப்பாள், மடிப்பாள், பையில் போடுவாள். கடை முதலாளிக்கு அவள் "முன்னாடி கொஞ்சம் உடம்பு முடியாம இருந்தவ" என்று மட்டும் தெரியும். என்ன உடம்பு என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அது அவளுடைய உரிமை என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

ஜூன் மாத வாக்கில் தியாகுவின் செய்திகள் அதிகமாயின. தங்கை வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. அறையில் தனியாகச் சிரிக்கிறாள். ஒரு நாள் காலையில் செய்தி அனுப்பாமல் நேரடியாகவே அழைத்தார். பின்னால் கண்டெய்னர் இறக்கும் சத்தம்.

"மிஸ்ஸி, தங்கச்சிக்குத் திரும்ப வந்துருச்சு மிஸ்ஸி. ரூமுக்குள்ள புரியாத பாஷையில பேசுறா. நான் கதவுகிட்ட நின்னு கேட்டேன். தமிழும் இல்ல, மலாயும் இல்ல. ஒரே வார்த்தைய மேலயும் கீழயும் இழுத்து இழுத்துச் சொல்றா. முன்னாடி வந்தப்பகூட இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு."

அவர் குரலில் இருந்த நடுக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் நடந்ததெல்லாம் அவள் கோப்பில் இருந்தது. நான் படித்திருந்தேன். மதியம் பார்க்க வேண்டிய வீட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன்.

கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். விற்பனைப் பெண்கள் இரண்டு பேர். கல்லாவில் முதலாளி. பின்பக்கக் கண்ணாடி முன்னால் இந்திராணி நின்றுகொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கை காற்றில் ஏதோ காட்டியது. தலையை ஆட்டிச் சிரித்தாள். நான் அந்தக் காட்சியை மட்டும்தான் பார்த்தேன். அவள் உடுப்பு சுத்தமாக இருந்தது, தலை வாரியிருந்தது, முன்னால் தைத்து மடித்த புடவைகள் வரிசையாக இருந்தன. அதையெல்லாம் பார்க்கவில்லை. பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

நேராகப் போய்க் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மெதுவாக இல்லை.

"இந்திரா, மாத்திரை சாப்பிடுறியா? மறுபடி சத்தம் ஏதாச்சும் கேக்குதா?"

கடை அப்படியே நின்றது. விற்பனைப் பெண் ஒருத்தி விரித்த புடவையைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். இந்திராணியின் முகம் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தது.

"ஹொக்கியன் மிஸ்ஸி" என்றாள். "ஹொக்கியன் படிக்கிறேன்."

விஷயம் இதுதான். கடைக்குச் சீன வாடிக்கையாளர்கள் நிறைய வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களைச் சமாளிக்க ஆள் இல்லை. அவர்களுடைய ஹொக்கியன் மொழி பேச வந்தால் முன்பக்கம் நிற்கலாம் என்று முதலாளி ஒரு நாள் பொதுவாகச் சொல்லியிருக்கிறார். இவள் தினமும் வேலை முடிந்ததும் இரண்டு கடை தள்ளி ஐந்தடி நடைபாதையில் பழம் விற்கும் சீனப் பெண்மணியிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். 'குயி லுய்' என்றால் என்ன விலை. 'சுய்' என்றால் அழகு. ராகம் மாறினால் அர்த்தம் மாறிவிடும் என்று அந்தப் பெண்மணி சொல்ல, இவள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் மேலும் கீழும் இழுத்துப் பார்த்திருக்கிறாள். தப்பாக வந்தால் சிரித்திருக்கிறாள். பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு ஹொக்கியன் காதில் விழுந்தால் தெரியும். நான் கேட்கவே இல்லை.

மறுநாள் முதலாளி எனக்குப் போன் செய்தார். கெட்டவர் இல்லை. நயமாகத்தான் பேசினார். "பின்னாலயே இருக்கட்டும்லா மிஸ்ஸி. முன்னால நின்னா ஆளுங்க ஒரு மாதிரி பேசுவாங்க, அவளுக்கும் டென்ஷன். வேலைய விட்டு நிறுத்தல, அது வரைக்கும் சந்தோஷம் இல்லையா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மேல் இருந்த கோபத்தைத் தியாகுவின் மேல் இறக்கினேன். அன்று சாயங்காலமே அழைத்துப் பேசினேன். "உங்க தங்கச்சியும் மனுஷிதான். சிரிச்சா நோய், பாடினா நோய்னு பாத்துக்கிட்டே இருந்தா அவங்க எப்படி வாழ்றது? இனிமே இந்த மாதிரி சின்ன விஷயத்துக்கெல்லாம் எனக்குப் போன் பண்ணாதீங்க." அவர் "சரி மிஸ்ஸி. சாரி மிஸ்ஸி" என்றார். போனை வைத்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவளுக்காக வாதாடிவிட்டதாக நினைத்தேன்.

தியாகுவின் செய்திகள் நின்றன. நிம்மதி என்றுகூட நினைத்தேன்.

அடுத்த இரண்டு மூன்று மாதம் இந்திராணியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் கூச்சத்தோடு போனேன். மாத்திரை பற்றிக் கேட்க வாய் வரவில்லை. தூக்கம் பற்றிக் கேட்கவில்லை. "எப்படி இருக்க?" என்பேன். "நல்லாருக்கேன் மிஸ்ஸி" என்பாள். வானிலை பேசுவோம். புடவை பேசுவோம். மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இன்னொரு முறை தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன். இரண்டும் வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே எது என்று நீங்கள்தான் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்டோபரில் ஒரு நாள் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. இந்திராணி கூடத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பள்ளிப் பிள்ளை போல உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். அண்ணி, தியாகுவின் மனைவி, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். இந்திராணி தொடவில்லை. அவள் பக்கத்தில் வேலைக்குக் கொண்டுபோகும் துணிப்பை. அதில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டுகள் ஐந்தாறு, மூடி திறக்காத தண்ணீர் போத்தல்கள் இரண்டு. நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. வீட்டில் சமைத்ததைத் தொடாமல், கடையில் மூடிய பொட்டலமாக வாங்கியதை மட்டும் சாப்பிடும் ஒருவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியாதா? வார்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! அன்று அந்தக் கேள்வி வயிற்றிலிருந்து தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அண்ணி வாசல்வரை என்னோடு வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "நல்லாத்தான் இருக்காங்க அக்கா, கவலைப்படாதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். லிஃப்ட் வந்தது.

எட்டு நாள் கழித்து, தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லாத ஒரு சனிக்கிழமை, பகல் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி அழைத்தார். தெருவில் போட்டிருந்த பாட்டுச் சத்தத்தில் அவர் கத்தித்தான் பேசினார்.

"மிஸ்ஸி, உடனே வாங்க! மேல ஸ்டோருக்குள்ள போய் கதவப் பூட்டிக்கிட்டா. கையில பெரிய கத்தரிக்கோல். காலையிலருந்து புடவை பார்டரெல்லாம் வெட்டி வெட்டிப் பிரிச்சிருக்கா. உள்ள ஏதோ வச்சுத் தச்சிருக்காங்களாம். அவளக் கொல்றதுக்காம். நான் போலீசுக்குப் போன் அடிக்கவா?"

"பத்து நிமிஷம் குடுங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் காரை எங்கே நிறுத்துவது? கடலோரம் வெல்ட் கீ சாலைப் பக்கம் கிடைத்த இடத்தில் விட்டுவிட்டு ஓடினேன். ஓடிக்கொண்டே மருத்துவமனைக்கு அழைத்து வண்டி அனுப்பச் சொன்னேன். தியாகுவை அழைத்தேன். "இந்தா கிளம்பிட்டேன் மிஸ்ஸி, ஃபெரி கிடைச்சா அரை மணி" என்றார். என்ன ஆயிற்று என்றுகூட அவர் கேட்கவில்லை. அது அப்போதே என்னை உறுத்தியது.

கடைக்குள் நிற்க இடமில்லை. பண்டிகைக் கூட்டம். பக்கவாட்டில் மரப்படி ஏறினால் மேல்மாடியில் ஸ்டோர். கதவுக்கு வெளியே குறுகலான ஒரு மேடை, அவ்வளவுதான். உள்ளே துணி கிழியும் சத்தம். நின்று, மறுபடி கிழியும்.

நான் வார்டில் சேர்ந்த புதிதில் அங்கே வயதான மலாய்க்கார உதவியாளர் ஒருவர் இருந்தார். படிப்பு அதிகமில்லை. ஒருவர் கதவை அடைத்துக்கொண்டால் டாக்டர்களே அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஒரு முறை கதவைத் தட்டிக்கொண்டு நின்றபோது என் தோளைத் தொட்டு ஒதுக்கினார். "உன் சொல்லுக்கு முன்னால் உன் காலடிச் சத்தம் உள்ளே போகிறது. ஓடி வந்த கால் நின்றுகொண்டிருக்கிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும். முதலில் உட்கார்" என்றார் மலாயில். பக்கவாட்டில் உட்காரச் சொன்னார், கதவு திறந்தால் நேர் எதிரே இருக்காதபடி. அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். அந்த மரப்படியில் எனக்கு நினைவுக்கு வந்ததும் அது மட்டும்தான்.

செருப்பைக் கழற்றினேன். மேல்படியில், கதவுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்குவது அடங்கும்வரை பேசவில்லை.

"இந்திரா, நான்தான், மிஸ்ஸி. கதவத் திறக்கச் சொல்ல வரல. இங்க படியில உக்காந்திருக்கேன்."

உள்ளே மறுபடி துணி கிழிந்தது.

"சாப்பிட்டு எத்தன நாளாச்சு?"

சத்தம் நின்றது. "தனியாவா வந்தீங்க?" என்றாள்.

"தனியாத்தான் வந்தேன்."

"வேற யாருக்கும் சொல்லலியே?"

இங்கே நிறுத்துகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இந்த இடம் வரும். கதவும் கத்தரிக்கோலும் இல்லாமல் வரலாம், ஆனால் வரும். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் கதவு திறக்கக்கூடும். எல்லாரும் உயிரோடு வீட்டுக்குப் போகக்கூடும். ஆனால் கீழே வண்டி வந்து நிற்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள். தன்னைச் சுற்றி எல்லாரும் சதி செய்கிறார்கள் என்று பயந்துகொண்டிருக்கிற பெண்ணிடம், நானும் அந்தச் சதியில் ஒருத்தி என்று நிரூபித்துக் காட்டியது போல் ஆகும். சரி, உண்மையைச் சொன்னால்? கையில் கத்தரிக்கோல் இருக்கிறது. தெருப் பக்கம் பெரிய மரச்சன்னல் இருக்கிறது. அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் உறுதியாக எழுதியிருக்கவில்லை.

"சொல்லிட்டேன் இந்திரா" என்றேன். "ஆஸ்பத்திரி வண்டி வருது. நான்தான் கூப்பிட்டேன். அண்ணனுக்கும் சொல்லிட்டேன். உன் கையில கத்தரிக்கோல் இருக்குன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான்."

பலகைத் தரையில் காலடி கேட்டது. கதவை நோக்கி அல்ல, தெருப் பக்கம். நான் பாதி எழுந்தேன். எழுந்தால் பலகை முனகும் என்று மறுபடி உட்கார்ந்தேன். முதலாளிக்குச் செய்தி அடித்தேன்: 'தெரு சன்னலுக்குக் கீழே யாராவது நில்லுங்க.' பதில் வருவதற்குள் என் வாழ்க்கையில் நான் கும்பிட்ட அத்தனை சாமிகளையும் கூப்பிட்டுவிட்டேன். 'நான் நிக்கிறேன். சன்னல் சாத்தித்தான் இருக்கு' என்று வந்தது.

பிறகு அவள் குரல் கதவுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது.

"மிஸ்ஸி, நீங்க வர்றப்ப சன்னல் இடுக்கு வழியா பாத்தேன். போன்ல பேசிக்கிட்டேதான் ஓடி வந்தீங்க."

அவளுக்குப் பதில் முன்பே தெரிந்திருக்கிறது. என்னைச் சோதித்திருக்கிறாள்.

"கத்தரிக்கோல கதவுக்கு அடியில தள்ளுறியா?" என்று கேட்டேன்.

முனை மட்டும் வெளியே வந்தது. பிறகு நின்றது. "கைப்பிடி மாட்டுது மிஸ்ஸி. சன்னல் வழியா போடவா?"

"வேணாம் வேணாம்! கீழ முதலாளி நிக்கிறாரு!"

அவள் சிரித்தாளா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. "அலமாரிக்கு மேல வச்சிட்டேன்" என்றாள். நான் நம்பினேன். நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

"இப்ப வர்றியா?"

"கீழ எல்லாரும் இருக்காங்க மிஸ்ஸி." குரல் உடைந்தது. "அன்னிக்கி மாதிரி எல்லாரும் பாப்பாங்க."

அன்றைக்கு மாதிரி. நான்கு மாதம் அந்த ஒரு கேள்வியை அவள் சுமந்திருக்கிறாள்.

கீழே இறங்கிப் போய் முதலாளியிடம் பதினைந்து நிமிடம் கடையை மூடச் சொன்னேன். அவர் என்னை ஒரு பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"தீபாவளி மிஸ்ஸி! இன்னிக்கி சனிக்கிழமை! என்ன சொல்றீங்க?"

"அவ நடந்தே வருவா. யாரும் பிடிச்சு இழுக்க வேணாம். ஆனா யாரும் பாக்கக் கூடாது."

அவர் படியை அண்ணாந்து பார்த்தார். கடையை நிறைத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தட்டி, "கரண்ட் ரிப்பேர்! பத்து நிமிஷம் வெளிய நில்லுங்க, மன்னிச்சுக்குங்க!" என்று உரக்கச் சொன்னார். மேலே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் மேலே ஒரு பொய்யைச் சொல்லாமல் இருக்க அந்தப் பாடு பட்டேன். அவர் கண்ணிமைக்காமல் ஒன்றைச் சொல்லி, விற்பனைப் பெண்களைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பி, இரும்புக் கதவைத் தன் கையாலேயே இழுத்துவிட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

அதே நேரத்தில் பின்சந்து வழியாகத் தியாகு உள்ளே வந்தார். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. மருத்துவமனை வண்டியும் பின்சந்துக்கு வந்திருந்தது. ஆட்களை வெளியிலேயே நிற்கச் சொன்னேன்.

மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம். இந்திராணி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். உடம்பெல்லாம் ஜரிகை நூல். கை இரண்டும் காலியாக இருப்பதை எனக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். அவள் கடையைத் தாண்டிப் போகும்வரை முதலாளி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஏற்கனவே ஒழுங்காக இருந்த புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த முதுகை நான் மறக்க மாட்டேன்.

"அண்ணே, வீட்டுச் சாப்பாட்டுல விஷம் இருக்குண்ணே. நீயும் சாப்பிடாத" என்றாள் தியாகுவிடம்.

"சரிம்மா. நாம ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட கேட்டுருவோம்" என்றார் அவர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

அவளை வார்டில் சேர்த்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். தியாகு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் மிஸ்ஸி" என்றார். "பதினஞ்சு நாளாத் தெரியும். வீட்டுல சாப்பிடல. மாத்திரைய கையில வாங்கிக்கிட்டுப் போயிருவா, முழுங்குறாளான்னு தெரியாது. தினமும் ஃபெரியில நின்னுக்கிட்டு உங்களுக்கு மெசேஜ் பேசுவேன். அனுப்பாம அழிச்சிருவேன்."

"ஏன் தியாகு?"

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். "நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க, சின்ன விஷயத்துக்கெல்லாம் கூப்பிட வேணாம்னு. இது சின்னதா பெருசான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முப்பத்தோரு வருடத்தில் என்னை அதிகம் கலங்க வைத்த வாக்கியம் அது. அவளைத் தினமும் பார்க்கிற கண்கள் அவருடையவை. நான் மாதம் ஒரு முறை போய்ப் பார்ப்பவள். என் வெட்கத்தை மறைத்துக்கொள்ள அவர் வாயை அடைத்திருந்தேன். நீங்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒன்றுமில்லாததற்கு நூறு முறை கூப்பிடட்டும். அலுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது அவர்கள் காதில் விழ வேண்டாம்.

ஐந்து வாரம் கழித்து அவள் தெளிந்த பிறகு, வார்டுத் தோட்டத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மாத்திரையை ஏன் நிறுத்தினாள் என்று அப்போதுதான் சொன்னாள்.

"அன்னிக்கி நீங்க மாத்திரைன்னு கேட்டதாலதானே எல்லாருக்கும் தெரிஞ்சுது. மாத்திரை சாப்பிடுறதாலதான் நான் பைத்தியம்னு தோணிருச்சு மிஸ்ஸி. சாப்பிடலன்னா இல்லன்னு நெனச்சேன்."

தோட்டத்துப் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அதுக்கப்புறம் நீங்க ஒண்ணுமே கேக்கல" என்றாள். "கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன். ஒரு தடவை, வீட்டுக்கு வந்தீங்களே, அன்னிக்கி கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன். பயமா இருந்துச்சு. கேப்பீங்க கேப்பீங்கன்னு உக்காந்திருந்தேன்."

பிறகு எனக்கு ஒரு விதி போட்டாள். நான் அதை என் நாட்குறிப்பில் அப்படியே எழுதி வைத்தேன்: "எல்லாரும் இருக்கிறப்ப கேக்காதீங்க மிஸ்ஸி. கேக்காமலும் இருக்காதீங்க."

அவள் மறுபடி கடைக்குப் போக மூன்று மாதம் ஆனது. வெட்டிய புடவைகளைப் பற்றி முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் காலை நேரம் மட்டும், பின்பக்கம். கடையில் இருந்த பெண்களிடம் தன் நோயின் பெயரை அவளே சொன்னாள். எப்போது, எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் என்னிடம் பேசிப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி, தன் சித்திக்கும் இப்படித்தான் என்று அழுதாளாம். எல்லாம் அப்படி நல்லதாக நடக்கவில்லை. இன்னொருத்தி வேறு கடைக்குப் போய்விட்டாள். ஒரு வருடம் கழித்து, ஒரு சீனக் குடும்பம் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்து, மலாயில் பேசிப் புரியாமல் திணறியபோது, யாரும் கூப்பிடாமலே அவள் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். அதன் பிறகு முன்பக்கம்தான் நிற்கிறாள்.

தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்ற இந்தப் பதற்றம் எனக்குப் போகவில்லை. போகும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பதற்றத்தோடு என்ன செய்வது என்பதைத்தான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால் ஒரு நாள், இந்திராணி மருந்து வாங்க கிளினிக்குக்கு வந்தாள். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் வரிசையில் நிற்கும்போது இரண்டு முறை திரும்பி வாசலைப் பார்த்தாள். அதில் என்ன இருக்கிறது? யாரும் பார்ப்பார்கள். ஒன்றுமில்லை என்று ஒரு மனம் சொன்னது, கடையில் கண்ணாடி முன்னால் நின்ற அவள் முகத்தை இன்னொரு மனம் காட்டியது. அவள் மருந்து வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தேன். கட்டடத்துக்குப் பின்னால், மோட்டார் நிறுத்தும் இடத்தில் யாருமில்லை. அங்கே கூட்டிப் போனேன்.

"இந்திரா, எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. தப்பாவும் இருக்கலாம். கேக்கவா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை.

"கேளுங்க" என்றாள். பிறகு நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "மூணு நாளா தூக்கம் இல்ல மிஸ்ஸி. யாராவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

இரண்டு பேரும் திரும்ப உள்ளே போய், டாக்டரின் அறைக்கு வெளியே எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.